முதல் ரோடு பைக்: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

நான் வாங்கிய முதல் ரோடு பைக் எனக்கு இரண்டு அளவு பெரியது. தெரியாமல் வாங்கவில்லை, தெரிந்தேதான் வாங்கினேன். கார்பன் ஃபிரேம், நல்ல கியர் செட், புதிதின் விலையில் பாதிகூட இல்லை, விற்றவரும் “சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்” என்றார், எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. நான்கு மாதம் ஓட்டினேன். இருபது கிலோமீட்டர் தாண்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், வீட்டுக்கு வந்து பாட்டில் மூடியைத் திறக்கக்கூட கை வராது. அப்புறம் அது சுவரோரம் சாய்ந்து நிற்க ஆரம்பித்தது. சைக்கிளே நமக்கு ஒத்துவராது போல என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த ஒரு சைக்கிள்தான் ஒத்துவரவில்லை என்று புரிய இன்னொரு வருடம் ஆனது.

(ரோடு பைக் என்றதும் மோட்டார் பைக் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது வளைந்த ஹேண்டில்பார் வைத்த, ஒல்லி டயர் சைக்கிள். வீட்டிலும் “பைக் வாங்கப்போகிறேன்” என்று சொல்லாமல் “சைக்கிள்” என்று சொல்லிப் பாருங்கள், பாதி சண்டை குறையும்.)

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். பந்தயத்துக்குப் போகும் எண்ணம் இல்லாமல், வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம் என்று புதிதாக ஆரம்பிப்பவருக்கு, உடம்புக்குச் சரியான அளவில், அதிகம் குனியாமல் ஓட்டுகிற எண்ட்யூரன்ஸ் வகையில், 32 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கிற, ஏற்றத்தில் மிதிக்கச் சின்ன கியர் இருக்கிற ஒரு அலுமினியம் சைக்கிள் போதும். இதில் அளவு, டயர் இடம், சின்ன கியர் மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எடை, ஃபிரேம் எதனால் ஆனது, கியர் செட்டின் பெயர், இதிலெல்லாம் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால் விளம்பரமும் நண்பர்களின் பேச்சும் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியே இருக்கும்.

ரேஸ், எண்ட்யூரன்ஸ், கிராவல், நேர் ஹேண்டில்

வெளியிலிருந்து பார்த்தால் ரேஸ் சைக்கிளும் எண்ட்யூரன்ஸ் சைக்கிளும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் இரண்டு அளவுகளில் இருக்கிறது. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, ஹேண்டில் பொருத்தும் முன் குழாயின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். ரேஸ் வகையில் ஸ்டேக் குறைவு, ரீச் அதிகம், அதாவது குனிந்து நீண்டு படுத்த மாதிரி ஓட்ட வேண்டும். எண்ட்யூரன்ஸில் ஹேண்டில் உயர்ந்து, கொஞ்சம் கிட்டே வரும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளியும் சற்று அதிகம், அதனால் கையை லேசாக அசைத்தாலும் சைக்கிள் பதறாது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டையும் தனித்தனி பெயரில் விற்கின்றன: ஜயண்ட்டில் டிசிஆர் ரேஸ், டிஃபை எண்ட்யூரன்ஸ், ட்ரெக்கில் மடோன் ரேஸ், டொமானே எண்ட்யூரன்ஸ், ஸ்பெஷலைஸ்டில் டார்மாக், ரூபே. கேனண்டேலில் சூப்பர்சிக்ஸ், சினாப்ஸ்.

“ரேஸ் வகைதான் வேகம், அதையே வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டாமே” என்பார்கள். சமதளத்தில் மிதிக்கிற சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போகிறது, அந்தக் காற்றில் பெரும்பங்கை வாங்குவது சைக்கிள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் நீங்கள். குனிந்தால் வேகம் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரம் குனிந்தே இருக்க இடுப்பும் வயிற்றுத் தசையும் பழகியிருக்க வேண்டும். பழகாதவர் ரேஸ் சைக்கிளில் என்ன செய்வார்? பத்தாவது நிமிடத்தில் ஹேண்டிலின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விறைப்பாக நீட்டி, நிமிர்ந்து உட்காருவார். அந்த நிலையில் எண்ட்யூரன்ஸ் சைக்கிளில் இயல்பாக உட்கார்ந்திருப்பவரைவிட அவர் காற்றை அதிகம் வாங்குகிறார், கூடவே வலியும். நான் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

கிராவல் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், நியாயமான பேச்சுதான். 38 முதல் 45 மி.மீ. வரை டயர், இன்னும் சின்ன கியர்கள், நிதானமான வளைவு. நீங்கள் ஓட்டப்போகிற பாதையில் பாதி மண்ணும் ஜல்லியும் குண்டும் குழியுமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதை வாங்குங்கள். ஒல்லி டயர் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் தார் ரோட்டிலும் நன்றாகவே ஓடும். ஆனால் குழுவாக ஓட்டுபவர்களோடு சேரும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் மட்டும் வைத்த கிராவல் சைக்கிள்களில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும், கூட்டத்தின் வேகத்தோடு காலை ஒட்டவைக்கும்போது ஒன்று ரொம்ப லேசாக இருக்கும், அடுத்தது ரொம்பக் கனமாக இருக்கும்.

நேர் ஹேண்டில் வைத்த ஃபிட்னஸ் சைக்கிள் வேலைக்குப் போய்வர நல்லது. கழுத்து வலி ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் நல்லது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் “இப்போதைக்கு நேர் ஹேண்டில், பழகியதும் வளைந்த ஹேண்டில் மாட்டிக்கொள்ளலாம்” என்ற கணக்கு மட்டும் வேண்டாம். பிரேக் பிடி, கியர் பிடி எல்லாம் மாற்ற வேண்டும், அது ஒரு பெரிய செலவு. செலவு செய்தாலும் அந்த ஃபிரேம்களில் ரீச் நீளமாக இருக்கும், அதில் வளைந்த ஹேண்டிலையும் மாட்டினால் கை இன்னும் தூரம் போகும். வளைந்த ஹேண்டில்மீதுதான் மனசு என்றால் இன்றைக்கே அதை வாங்கிவிடுங்கள். பயமாகத் தெரிவது முதல் வாரம்தான். மேலே, பிரேக் பிடியின் தலையில், கீழ் வளைவில் என்று கையை மாற்றி மாற்றி வைக்க இடம் கிடைப்பதன் அருமை இரண்டாவது மணி நேரத்தில் தெரியும்.

அளவு

செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிய கதைதான் சைக்கிள் அளவில் நடக்கிறது. தள்ளுபடியில் 56 மட்டும்தான் மிச்சம், நமக்கு வேண்டியது 54, சரி இரண்டு சென்டிமீட்டர்தானே! அந்த 54, 56 எல்லாம் மேல் குழாய் படுக்கையாக இருந்த காலத்தில் சீட் குழாயின் நீளத்தைச் சொன்ன எண்கள். இப்போது மேல் குழாய் சரிவாக வருகிறது, அதனால் அந்த எண் வெறும் பெயர் மாதிரி ஆகிவிட்டது, ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 52 போல இருக்கலாம். மீடியம், லார்ஜ் என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டு சைக்கிளை ஒப்பிட உருப்படியான வழி, இரண்டின் அளவு அட்டவணையையும் திறந்து ஸ்டேக், ரீச் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

வாங்கிய பிறகு எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று தெரிந்தால் பயம் குறையும். சீட் உயரம் நினைத்தபோது மாற்றலாம். சீட்டை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தலாம். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் சின்னதாக, பெரியதாக மாற்றுவது சாதாரண வேலை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் என்று போனால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். ஃபிரேமின் ரீச்சை யாராலும் மாற்ற முடியாது. விற்றவர் சொன்னபடி நான் சீட்டை இறக்கினேன், சீட் சரியானது, ஹேண்டில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். பொதுவாகச் சின்னதை எடுங்கள், நீட்டுவது எளிது, குறுக்குவது கஷ்டம். ஒரே விதிவிலக்கு, கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் இருப்பவர். சின்ன ஃபிரேமில் அவர் சீட்டை மிகவும் உயர்த்த வேண்டியிருக்கும், அப்போது ஹேண்டில் பாதாளத்தில் கிடக்கும். அவர் ஸ்டேக் அதிகமுள்ள மாடலைத் தேட வேண்டும்.

சீட் உயரத்துக்குச் சுலபமான ஆரம்பம்: சுவரைப் பிடித்து உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் சரியாக நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். கணக்குப் பிடித்தவர்களுக்கு அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் பெயரால் பிரபலமான ஒரு கணக்கு இருக்கிறது: கவட்டிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை வர வேண்டிய தூரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6. இது வேதவாக்கு இல்லை, அங்கிருந்து அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி நகர்த்திப் பார்க்க வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், அதுவும் கடை வாசலில் ஒரு வட்டம் போடுவது ஓட்டிப் பார்ப்பதில் சேராது. இருபது நிமிடமாவது வேண்டும். பிரேக் பிடியின் தலையில் கை வைத்திருக்கும்போது முழங்கை இயல்பாக மடிந்திருக்கிறதா, கீழ் வளைவிலிருந்து விரல் பிரேக்கை எட்டுகிறதா (எட்டாவிட்டால் பிடியைக் கிட்டே கொண்டுவரச் சின்ன ஸ்க்ரூ இருக்கும், கேளுங்கள்), மெதுவாகத் திரும்பும்போது கால் நுனி முன் சக்கரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன அளவுகளில் சகஜம், வேகத்தில் பிரச்சினை இல்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்திப் பார்த்து மெத்தை மாதிரி இருப்பதைத் தேடாதீர்கள். உடம்பைத் தாங்குவது இரண்டு உட்காரும் எலும்புகள், அவற்றின் அகலத்துக்கு ஏற்ற சீட் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் வலிக்காது. மெத்தை சீட்டில் எலும்பு அமுங்கி நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும், ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். திண்டு வைத்த சைக்கிள் டிரவுசர் போட்டால் உள்ளாடை போடக் கூடாது. இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், எல்லோரும் தொடை உராய்ந்து புண்ணான பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

கியர்: பெயரைப் பார்க்காமல் பல்லை எண்ணுங்கள்

கியர் செட் செய்யும் ஷிமானோ கம்பெனியில் கீழிருந்து மேலே கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ். பின்சக்கரத்தில் கிளாரிஸுக்கு 8 பல்சக்கரம், சோராவுக்கு 9, டியாக்ராவுக்கு 10, 105 இப்போது 12, சில வருடம் பழையது என்றால் 11. 2023 முதல் க்யூஸ் என்ற வரிசையும் வந்துவிட்டது, ஆரம்பநிலை சைக்கிள்களில் அது தென்படும். “குறைந்தது 105 ஆவது வேண்டும்” என்று சொல்லாத ஆள் கிடையாது. 105 நல்லதுதான், அழுத்தினால் சொன்னபடி கேட்கும். ஆனால் நான் இரண்டாவதாக வாங்கிய சைக்கிளில் சோரா இருந்தது, மூன்று வருடம் ஓட்டினேன், ஒருநாள்கூட கியர் செட்டால் வெளியே போகாமல் இருந்ததில்லை. எட்டும் ஒன்பதும் உள்ளதில் செயினும் பல்சக்கரமும் மலிவு, சரிப்படுத்துவது கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

எத்தனை கியர் என்பதைவிட முக்கியம் மிகச் சின்ன கியர் எவ்வளவு சின்னது என்பது. பழைய ரேஸ் சைக்கிள்களில் முன்னால் சின்னது 39 பல், பின்னால் பெரியது 25 பல் என்று வரும். இன்றைய எண்ட்யூரன்ஸ் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 34 வரை கிடைக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 70 முறை பெடல் சுற்றுகிறீர்கள். 34-34 இல் வேகம் மணிக்கு 8.8 கி.மீ., 39-25 இல் 13.8 கி.மீ. இப்போது 10 சதவீத ஏற்றம் வருகிறது. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், புவி ஈர்ப்பை எதிர்த்து ஏறுவதற்கு மட்டுமே முதலாவதில் ஏறக்குறைய 190 வாட் வேண்டும், இரண்டாவதில் 300 வாட். ஆரம்பநிலைக்காரருக்கு 190 வாட்டே நாக்குத் தள்ளும். 300 வாட்டுக்கு வழியே இல்லை, பெடல் சுற்றும் வேகம் 40, 50 என்று விழுந்து, முழங்கால் முனகி, கடைசியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். தள்ளுவதில் அவமானம் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்காகவா இவ்வளவு செலவு?

எலக்ட்ரானிக் கியர்: நன்றாக இருக்கும், முதல் சைக்கிளுக்குத் தேவை இல்லை, அவ்வளவுதான்.

பிரேக்கும் டயரும்

இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. ரிம் பிரேக் சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வுவதால் டயர் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை பிரேக்கே முடிவு செய்துவிடும். பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் 25, அதிர்ஷ்டம் இருந்தால் 28 மி.மீ. நுழையும். டிஸ்க் பிரேக் சக்கர நடுவில் இருப்பதால் 32, 35 வரை இடம் கிடைக்கிறது. உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ 2018 இல் ரோடு பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்தது, அதன்பிறகு புதிய சைக்கிள்களில் ரிம் பிரேக் அரிதாகிவிட்டது.

ஈரத்தில் பிடிப்பதில் டிஸ்க்தான், அதில் வாதமே இல்லை. டிஸ்க்கிலும் கேபிள் வகை, எண்ணெய் வகை என்று இரண்டு. எண்ணெய் வகையில் ஒரு விரலால் அழுத்தினாலே போதும், பேட் தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். மலிவான கேபிள் டிஸ்க்கில் அடிக்கடி திருகிச் சரிசெய்ய வேண்டும், பிடியையும் பலமாக அழுத்த வேண்டும். என் வரிசை: எண்ணெய் டிஸ்க், அப்புறம் தரமான ரிம் பிரேக், அப்புறம்தான் மலிவான கேபிள் டிஸ்க். மூன்றாவதை இரண்டாவதுக்கு மேலே வைப்பவர்கள் நிறைய, டயர் இடத்தை மனதில் வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டிஸ்க் வாங்கினால் ஒரு எச்சரிக்கை: செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் தெறித்தாலும் பேட் பாழ். நான் அப்படி ஒருமுறை அடித்துவிட்டு, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறவிட்டேன். பேட்டைத் தேய்த்துப் பார்த்தேன், காயவைத்துப் பார்த்தேன், கடைசியில் புதிது வாங்கினேன்.

ஒல்லி டயர்தான் வேகம் என்று 23 மி.மீ. டயரைக் கல்லாக அடித்து ஓட்டிய காலம் போய்விட்டது. கரடுமுரடான ரோட்டில் கல் மாதிரி டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும், அந்தத் துள்ளலில் வீணாவது உங்கள் உழைப்பு. 28, 30, 32 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம், மேட்டை டயர் விழுங்கிக்கொள்ளும், கை மரத்துப்போவதும் குறையும். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் காற்றழுத்தத்தை 70 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரத்தில் ஆரம்பித்து, ஓட்டிப் பார்த்து ஏற்றி இறக்கலாம். ரொம்பக் குறைத்தால் குழியில் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கொத்தினது போல இரண்டு ஓட்டை விழும். ட்யூப் இல்லாத டயர் நல்லதுதான், ஆனால் முதல் வருடம் ட்யூபோடு இருங்கள், பஞ்சர் போடக் கற்றுக்கொள்ளாமல் இந்த உலகத்துக்குள் வர முடியாது.

அலுமினியம், கார்பன், ஸ்டீல்

எடை பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. ஆரம்பநிலை அலுமினிய சைக்கிள் ஒன்பதரை, பத்து கிலோ இருக்கும், நடுத்தர கார்பன் எட்டு, எட்டரை. பந்தயக்காரர்களுக்கே 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று யூசிஐ விதி வைத்திருக்கிறது. அந்த ஒன்றரை கிலோவால் என்ன ஆகும்? சமதளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. செங்குத்தான ஏற்றத்தில், ஆளும் சைக்கிளும் 85 கிலோ என்றால், ஒரு கிலோ குறைத்தால் நேரத்தில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். ஒரு மணி நேரம் ஏறுகிற மலையில் முக்கால் நிமிடம்கூட இல்லை. மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்க நிற்கிற நேரம் அதைவிட அதிகம்.

கார்பன் அதிர்வை நன்றாக அடக்கும், உண்மை. ஆனால் பெரிய டயரும் அந்த வேலையைச் செய்யும், இன்னும் மலிவாக. அலுமினியம் வாங்கும்போது முன் ஃபோர்க் மட்டும் கார்பனா என்று கேளுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஸ்டீல் கனம், ஆனால் அழகு, ஒடிந்தால் ஒட்டவும் முடியும். அதன்மீது காதல் வந்தவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

பெடல், மற்ற செலவுகள்

பணம் முழுவதையும் சைக்கிளிலேயே போட்டுவிட்டு ஹெல்மெட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசியவரின் சொந்தக்காரர்கள். கையிலிருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஹெல்மெட், முன்பின் விளக்கு, திண்டு வைத்த டிரவுசர், அழுத்தம் காட்டும் தரைப் பம்ப், வழியில் அடிக்கச் சின்னப் பம்ப், இரண்டு ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், ஒரு மல்டி டூல். ரோடு பைக் ட்யூபின் வால்வு பொதுவாக ஒல்லியான பிரெஸ்டா வகை, தலையைத் திருகித் தளர்த்தினால்தான் காற்று போகும், பம்பும் அதற்குப் பொருந்துவதாக வேண்டும்.

பல ரோடு பைக்குகள் பெடல் இல்லாமலே விற்கப்படுகின்றன, பெட்டியைத் திறந்து காணோமே என்று அலறாதீர்கள். பூட்டு பெடல் வேண்டுமா, சாதாரண பெடலா? லுக் கம்பெனி 1984 இல் ஷூவைப் பூட்டும் பெடலைக் கொண்டுவந்து, அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோ அதில் டூர் டி ஃபிரான்ஸை ஜெயித்தார், அதன்பிறகு அது ரோடு பைக்கின் அடையாளமே ஆகிவிட்டது. ஆனாலும் முதல் இரண்டு மாதம் அகலமான சாதாரண பெடல் போட்டு ஓட்டுங்கள். கியர் மாற்றுவது, ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடிப்பது, பின்னால் திரும்பிப் பார்ப்பது, இதெல்லாம் பழகட்டும். பூட்டு பெடலுக்குப் போகும்போது ஷூவின் அடியில் பூட்டும் துண்டை இரண்டு ஸ்க்ரூவால் மாட்டும் எஸ்பிடி வகையில் ஆரம்பித்தால் அந்த ஷூவோடு நடக்கவும் முடியும், மூன்று ஸ்க்ரூ வகையில் வாத்து நடைதான். எப்படியும் ஒருமுறை சிக்னலில் நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுவீர்கள். எல்லோரும் விழுந்தவர்கள்தான். பெடலை நீங்களே மாட்டுவதானால் இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

புதிதா, பழையதா

என் கதையைப் படித்துவிட்டுப் பழையது வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்கலாம். இல்லை. அளவு சரியாக இருந்தால் பழையதில் ஒரு படி மேலான சைக்கிள் கிடைக்கும், ஒருவேளை பிடிக்காமல் விற்றாலும் நஷ்டம் குறைவு. ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது. செயின், பல்சக்கரம், டயர், கேபிள், பிரேக் பேட் எல்லாம் ஒரே நேரத்தில் தேய்ந்திருந்தால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழ வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் செயின் மாற்றும் வேளை. எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும், விலையில் அதைக் கழியுங்கள். சீட் கம்பியைத் தளர்த்தி வெளியே இழுத்துப் பாருங்கள், ஃபிரேமோடு இறுகி வராவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் லொடலொடப்பு இருக்கக் கூடாது. பெடல் மாட்டியிருக்கும் மிதி கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ரிம் பிரேக் சைக்கிள் என்றால் விளிம்பை விரலால் தடவுங்கள், குழிவாக இருந்தால் சக்கரமே மாற்ற வேண்டிவரும். கார்பன் என்றால் நல்ல வெளிச்சத்தில், துடைத்துவிட்டு, முன் குழாய் சேரும் இடம், பெடல் சுற்றும் அச்சின் அடிப்பகுதி, செயின் உரசும் பக்கம் எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள். மயிரிழைக் கோடு பெயின்ட்டில் மட்டுமா உள்ளேயுமா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த இடம் இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். ஃபிரேமின் அடியில் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் காரணம் கேட்கவும் வேண்டாம்.

புதிது என்றால் கடையா, பெட்டியில் வீட்டுக்கு வருவதா? பெட்டியில் வருவது அதே விலைக்கு அதிகம் கொடுக்கும். ஆனால் ஹேண்டில், சீட், சில சமயம் முன் சக்கரம், பிரேக் எல்லாம் நீங்கள்தான் இறுக்கிச் சரிசெய்ய வேண்டும், அதுவும் கார்பன் பாகங்களில் எழுதியிருக்கிற நியூட்டன் மீட்டர் (இறுக்கும் விசை) அளவைத் தாண்டாமல். அந்த வேலை தெரிந்த ஒருவர் கூட இல்லையென்றால் கடைக்கே போங்கள். உட்காரவைத்துப் பார்த்து, ஸ்டெம்மை மாற்றிக் கொடுத்து, முதல் மாதத்தில் கேபிள் தளர்ந்து கியர் தடுமாறும்போது சரிசெய்தும் கொடுக்கும் கடை அந்தக் கூடுதல் விலைக்குத் தகும். சைக்கிளில் உட்காரவைக்காமலே “உங்கள் உயரத்துக்கு இது சரி” என்று பில் போடுகிற கடைக்கு அந்த மரியாதை கிடையாது.

சுவரோரம் நின்ற என் கார்பன் சைக்கிளை விற்பதற்குப் போட்டபோது முதல் நாளே மூன்று பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் கியர் செட்டைக் கேட்டார்கள், எடையைக் கேட்டார்கள், கடைசி விலை என்ன என்றார்கள். நான் உயரத்தைக் கேட்டேன். இரண்டு பேருமே என்னைவிடக் குட்டை. “சீட்டை இறக்கிக்கொள்ளலாம்தானே?” என்று ஒருவர் கேட்டார். முடியாது சார் என்றேன், அவருக்குக் கோபம். மூன்றாமவர் ஆறடி இரண்டு அங்குலம் என்றார். வந்து ஓட்டிப் பாருங்கள், ஆனால் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும் என்றேன்.